பச்சைப் பெட்டியும் கறுப்பு மூடியும்

16.6.1998, செவ்வாய்

மீன்காரி வச்சலா இன்றைக்கு நெத்திலிக் கூடையோடு வந்து நிற்கிறாள். செவ்வாய்க்கிழமையில் என் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது என்று ஊருக்கே தெரியும், இவளுக்குத் தெரியாதா? “சும்மா பாத்துக்கினு போலாம்னு வந்தேன்க்கா”வாம். கூடையோடு யாராவது சும்மா பார்க்க வருவார்களா? நாளைக்கு வாடி என்று அனுப்பினேன். போகிறபோது கூடத்தை எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, வூட்டுலயே ரேடியோ கடை போட்டுட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கேட்கத்தான் கேட்பாள். கூடத்து மேஜை முழுக்கக் கம்பியும் திருகாணியும். நடுவில் அந்தப் பெட்டி. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு எங்கள் கேசவன்.

பெட்டியின் பேர் பவர் சப்ளை. சுவரில் வருகிற கரண்டை வாங்கி, பேட்டரி மாதிரி ஆக்கிக் கொடுக்குமாம். எத்தனை வோல்ட் வேண்டுமோ குமிழைத் திருப்பினால் போதுமாம். முன்பக்கம் இரண்டு முள் மீட்டர். கீழே கம்பி மாட்ட இரண்டு திருகு மூடி, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருந்த யாரோ ஒரு இன்ஜினியர் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆசைக்காகத் தன் கையாலேயே செய்தது. மாற்றலாகிப் போகும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரேடியோ ரிப்பேர்க்காரர் தாவீதிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் கடைப் பரணில் உப்புக் காற்று குடித்துக்கொண்டு கிடந்தது. இப்போது என் கூடத்துக்கு வந்திருக்கிறது. பேட்டரிதான் கடையில் விற்கிறதே என்றேன். கேசவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கேசவன் என் அண்ணன் மகன். அண்ணனும் அண்ணியும் போன பிறகு எங்களோடுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, சாமி இவனைக் கொடுத்தது. கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. வெற்றிலைகூடப் போடமாட்டான். வயசு முப்பத்தாறு ஆகிறது, கல்யாணம் மட்டும் குதிரவில்லை. தரகர் சடையன் செங்கல்பட்டில் ஒரு இடம் சொல்லி ஒரு மாசமாகிறது. பெண் பேர் ஸ்ரீதேவி. காலேஜ் லேபில் வேலை. அவர்களுக்கும் அவசரம், எங்களுக்கும் அவசரம். இந்த மகராசனுக்குத்தான் இல்லை.

“எப்படா பொண்ணு பாக்கப் போறது?”

“இது ஓடட்டும் அத்த.”

“ஓடறதுக்கு இதுக்குக் காலா கீது?”

“ஓடிச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கெழமையே வரேன். போதுமா?”

விடுவேனா? கற்பூரம் ஏற்றி, திருப்போரூர் கந்தசாமி படத்துக்கு முன்னால் கையடித்துச் சத்தியம் வாங்கிவிட்டேன். அடுத்த மாசம் ஆடி. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. அதற்குள் இது ஓடியாக வேண்டும். முருகா, அவனுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு அப்படி இல்லை.

17.6.98

பெட்டிக்குள் பல்லி முட்டை! “இத்தினி வருஷம் வாடகை குடுக்காம குடியிருந்துகீது பாரு” என்றார் இவர். கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனாலும் டிக்கெட் வாங்காதவர்களைப் பார்த்தால் இவருக்கு ஆகாது. பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். பல்லி தலையில் விழுந்தால் பலன் போட்டிருக்கிறது, தோளில் விழுந்தால் போட்டிருக்கிறது. பவர் சப்ளைக்குள் முட்டையிட்டால் என்ன பலன் என்று போடவில்லை.

21.6.98, ஞாயிறு

இன்றைக்குப் பெட்டிக்கு முதல் முதலாகக் கரண்டு கொடுத்தான். நேராகக் கொடுக்கமாட்டானாம். நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அது வழியாகக் கொடுத்தான். பழைய பெட்டிக்கு அப்படித்தான் செய்ய வேண்டுமாம்.

நான் குளித்து, விளக்கேற்றி, புடவை மாற்றி வந்து நின்றேன். “அத்த, கொஞ்சம் தள்ளி நில்லு” என்றான். கண்ணை மூடிக்கொண்டு, முருகா விளக்கு நல்லா எரியணும் என்று வேண்டிக்கொண்டேன். சுவிட்சைப் போட்டான். கண்ணைத் திறக்கிறேன், பல்பு ஜகஜ்ஜோதியாக எரிகிறது! கையைத் தட்டினேன். “எரிஞ்சிடுச்சு! எரிஞ்சிடுச்சு!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

கேசவன் சுவிட்சை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

“அத்த, பல்பு பிரகாசமா எரிஞ்சா உள்ள ஷார்ட்டுன்னு அர்த்தம்.”

“அப்ப?”

“மங்கணும். மங்குனாத்தான் பெட்டி நல்லா கீதுன்னு அர்த்தம்.”

இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? சாமியிடம் தப்பாக வேண்டிக்கொண்டேன், அவரும் கேட்டதைக் கொடுத்துவிட்டார். இனிமேல் விளக்கு மங்க வேண்டும் என்று வேண்ட வேண்டும். என் வாயில் அது வருமா?

24.6.98

உள்ளே பெரிய கண்டென்சர் ஒன்று செத்துப்போயிருக்கிறதாம். டம்ளர் மாதிரி இருக்கிறது, தலை உப்பிப்போய். அதே அளவில் புதுசு வேண்டும். கேசவனுக்கு இந்த வாரம் முழுக்க ஷிப்ட். நானே போகிறேன் என்று கிளம்பினேன். ஆடிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது எனக்குத்தானே தெரியும்.

வழியெல்லாம் பேரை உருப்போட்டுக்கொண்டே போனேன். எங்கள் ஊர்ப் பழைய கோட்டைச் சுவர் தாண்டும் வரைக்கும் நாக்கில் இருந்தது. எதிரில் கன்னியம்மா வந்து அவள் மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். நானும் இரண்டு வார்த்தை சொல்லாமல் வர முடியுமா? தாவீது கடை வாசலில் வந்து நின்றால் வாயில் வந்தது இதுதான்:

“தாவீது, பெரிய கந்தசாமி ஒண்ணு குடு.”

தாவீது கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அவரு திருப்போரூர்ல கீறாரு பார்வதம்மா. எங்கிட்ட கண்டென்சர்தான் கீது.”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என் சாமி பேர் ஒரு கிறிஸ்தவர் கடையில் ஒலித்தது, அதுவும் புண்ணியம்தானே.

“இது இன்னாத்துக்குப்பா அவ்ளோ முக்கியம்?” என்று கேட்டேன்.

“கரண்டு அலை அலையா வரும்மா. இது புடிச்சி வச்சிகினு ஒரே சீரா ஊத்தும். பழசு காஞ்சி பூடுச்சு. உங்க அளவு எங்கிட்ட இல்ல. மெட்ராஸ் ரிச்சி தெருவுல சொல்லி வக்கிறேன்.”

“சீக்கிரம் சொல்லு. ஆடிக்குள்ள வேணும்.”

“கண்டென்சருக்கு ஏதும்மா ஆடி ஆவணி?”

கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப நானும் மாதாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வக்கிறேன்” என்றார். நல்ல மனுஷர்.

30.6.98, செவ்வாய்

இவரை இழுத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் பஸ் மாறித் திருப்போரூர் போனேன். அர்ச்சனைச் சீட்டோடு சந்நிதியில் நின்றால் குருக்கள் கேட்கிறார், “யார் பேருக்கும்மா?”

“ஒரு பெட்டி பேருக்கு சாமி.”

“நட்சத்திரம்?”

வீட்டுக்கு வந்த நாள் என்ன நட்சத்திரம் என்று நான் விரல் விட்டுக்கொண்டிருக்கும்போது இவர் பின்னாலிருந்து, “கோத்திரம் கேட்டா பவர் சப்ளை கோத்திரம்னு சொல்லு” என்கிறார். சந்நிதியில் சிரிக்கலாமா? சிரித்துவிட்டேன். குருக்களும் சிரித்துவிட்டு, “சுவாமி பேருக்கே பண்ணிடறேன், எதுக்குன்னு அவருக்குத் தெரியும்” என்றார்.

விளக்கு மங்க வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள் சொன்னேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

5.7.98, ஞாயிறு

மங்கியது! மங்கியது! மங்கியது!

கண்டென்சர் நேற்று வந்தது. இன்று காலையில் கேசவன் ஈயம் வைத்து ஒட்டினான். டார்ச் பிடித்தது நான். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்தது. முருகா, மறுபடியுமா என்றேன். அப்புறம் மெதுவாக, மெதுவாக, திரி தணிகிற மாதிரி மங்கி, உள்ளே ஒரு சிவப்பு நூல் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. கேசவன் குமிழைத் திருப்பினான். மீட்டர் முள் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி தள்ளாடித் தள்ளாடி ஏறிப் பன்னிரண்டில் நின்றது.

ஓடிப்போய் ஆரத்தி கரைத்து எடுத்து வந்தேன். அவன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அத்த! தண்ணி! தண்ணி! அங்கயே நில்லு!” என்று அலறுகிறான். வாசலில் நின்றே சுற்றினேன். பெட்டிக்கும் அவனுக்கும் சேர்த்து.

சேமியா பாயசம். தாவீது கடைக்கு ஒரு தூக்கு அனுப்பினேன். சடையனுக்கு ஆள் அனுப்பியாயிற்று. அடுத்த ஞாயிறு!

12.7.98, ஞாயிறு

செங்கல்பட்டு போய் வந்தோம். நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

பெண்ணின் அப்பா சுப்புராமன். தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். தோளில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோ. பெண்ணின் அம்மா போனதிலிருந்து அது இல்லாமல் இருக்கமாட்டாராம். நல்ல மனிதர், ஆனால் சகுனம் என்றால் நான் எல்லாம் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். நாங்கள் கிளம்பும்போது யாரோ தும்மிவிட்டார்கள் என்று எல்லோரையும் மறுபடி உட்கார வைத்து, மறுபடி காபி போடச் சொல்லி, குடித்த பிறகுதான் அனுப்பினார். இவர் என் காதில், “ரெண்டாவது காபி மொத காபியவிட நல்லா கீது, இன்னொரு தும்மல் வருமா பாரு” என்றார்.

பெண் லட்சணம். மாநிறம், நீளப் பின்னல், அதிகம் பேசவில்லை. அவளையும் கேசவனையும் கொல்லைப் பக்கம் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டோம். நான் கை கழுவப் போனேன். கை அழுக்காகத்தான் இருந்தது, சத்தியமாக.

“டிரான்ஸ்பார்மர் ஒரிஜினலா?” இது அவள்.

“ஒரிஜினல்.”

“ரிப்பிள் எவ்ளோ?”

“கண்டென்சர் மாத்தினப்புறம் இல்ல.”

“ஹம்மிங்?”

“கொஞ்சூண்டு.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் முப்பத்தாறு வருஷத்தில் இந்தப் பையன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குழாயை மூட மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், ரிப்பிள் என்றால் என்னடா என்று. சமமாகாமல் மிச்சம் இருக்கிற அலையாம். அது இருக்கக் கூடாதாம். பெண் பார்க்கப் போன இடத்தில் இதைக் கேட்கிற பெண் இவனுக்கென்றே பிறந்தவள். முருகா, இந்த இடம் போகக் கூடாது. இது போனால் இவன் இனி யாரையும் பார்க்க வரமாட்டான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

17.7.98

ஆடி பிறந்தது. பேச்சுக்குப் பூட்டு. அம்மனுக்குக் கூழ் ஊற்றினேன்.

26.7.98, ஞாயிறு

பெட்டியின் துருவை எல்லாம் சுரண்டி, கேசவன் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறான். வெடித்துப்போயிருந்த சிவப்பு மூடிக்குப் பதில் புதுசு. ஜம்மென்று இருக்கிறது. வேறு கலர் இல்லையா என்றேன். “பச்சதான் நல்லாயிருக்கும்னு சொன்னாங்க” என்றான். யார் சொன்னார்கள் என்றேன், பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டான். இவர் சொன்னார், சாயங்காலம் தினமும் எஸ்.டி.டி. பூத்தில் இவனைப் பார்க்கிறாராம்.

23.8.98, ஞாயிறு

பாவி. நான்தான் பாவி. என் கையை நானே ஒடிச்சுக்கணும்.

இன்னிக்கு அவங்க வூடு பாக்க வந்தாங்க. ஆவணி, வளர்பிறை, நல்ல நேரம், எல்லாம் பார்த்துத்தான் வந்தாங்க. பொண்ணும் வந்திருந்தா. வழக்கமில்லதான். “நான் இருக்கப்போற வூட்ட நான் பாக்காம யாரு பாப்பா?” ன்னு கேட்டாளாம். எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோச்சு.

காலையில் கோலம், மாவிலை, எல்லாம் ஆயிற்று. கேசவன் உள்ளே சட்டை போட்டுக்கொண்டிருந்தான். கூடத்தில் பெட்டி, வாசலைப் பார்த்தபடி. உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். சிவப்பு மூடி பக்கத்தில் அந்தக் கறுப்பு மூடி. நல்ல காரியத்துக்கு வருகிறவர்களுக்கு எதிரே கறுப்பா? அதுவும் சுப்புராமன் மாதிரி சகுனம் பார்க்கிறவர் எதிரே? டப்பாவைத் துழாவினேன். வெடித்துப்போன பழைய சிவப்பு மூடி கிடந்தது. கறுப்பைத் திருகி எடுத்துவிட்டு அதைப் போட்டேன். இரண்டும் சிவப்பு. மேலே குங்குமமும் வைத்தேன். மங்கலமாக இருந்தது. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேசரி தட்டில் வைத்து நீட்டினேன். சுப்புராமன் ரேடியோவைத் திருகினார், கரகரவென்றது. “செல்லு போயிடுச்சு” என்றார். கேசவன் துள்ளி எழுந்தான். “செல்லு வேணாம் மாமா, நம்ம பெட்டியிலயே ஓடும்.” கையில் கம்பி, கண் அவள் மேல். சிவப்பைப் பார்த்தான், சிவப்புக் கம்பியை மாட்டினான். மிச்சமிருந்ததில் மற்றதை மாட்டினான். சுவிட்ச்.

பட்.

ரேடியோவுக்குள்ளிருந்து புகை. ரப்பர் கருகின நாற்றம். அவ்வளவுதான்.

சுப்புராமன் எழுந்துவிட்டார். முகம் வெளுத்துப்போச்சு. “வூட்டுக்குள்ள கால் வச்ச நேரத்துல பேச்சு நின்னுபோச்சு” என்று சொன்னார். கேசரி தொடவில்லை. பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்புறம் கேசவன் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“அத்த, கறுப்பு மூடி எங்க?”

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அப்போதும் புரியவில்லை. அவன் சொன்ன பிறகுதான் புரிந்தது: சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். இரண்டும் சிவப்பாக இருந்ததில் தலைகீழாக மாட்டிவிட்டான்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. “நான் எடத்தப் பாத்து மாட்டியிருக்கணும் அத்த, நெறத்தப் பாத்து மாட்டிட்டேன்” என்கிறான். அடப்பாவி, திட்டித் தொலையேன்டா!

24.8.98

சடையன் வந்து சொல்லிவிட்டுப் போனார். சகுனம் சரியில்லையாம். வேறு இடம் பார்க்கச் சொன்னார்களாம். கேசவன் வேலைக்குப் போய்விட்டான். பெட்டி மேல் துணி போட்டு மூடியிருக்கிறது.

26.8.98, புதன்

எனக்குப் புத்தி வந்தது. வச்சலா வழியாக வந்தது.

காலையில் சங்கரா மீன் கொண்டு வந்தாள். இடுப்பில் பேரக்குழந்தை. குளிப்பாட்டி, பவுடர் அடித்து, கன்னத்தில் இத்தனை பெரிய கறுப்புப் பொட்டு. என்னடி, மூஞ்சி தெரியாமல் பொட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“நேத்து பொட்டு வக்காம தூக்கிகினு போனேன்க்கா. அவ்ளோதான், ராவெல்லாம் வீல் வீல்னு கத்திச்சு. கண்ணு பட்டுச்சு. அழகா இருந்தா கறுப்பு வச்சே ஆவணும்.”

மீனைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

கறுப்பு எங்கே ஆகாது? பிள்ளை கன்னத்தில் வைக்கிறோம். இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுகிறோம். கட்டுகிற வீட்டுக்கு முன்னால் கறுப்புப் பூசின பொம்மை தொங்குகிறது. அழகாக ஒன்று இருந்தால் அதில் கறுப்பாக ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பெட்டி எத்தனை ஜம்மென்று இருந்தது! அதற்கு இருந்த ஒரே பொட்டை நான் திருகி எடுத்திருக்கிறேன். கண் படாமல் என்ன செய்யும்?

“இன்னாக்கா, மீனு நாறுதா?” என்கிறாள் வச்சலா. இல்லடி கண்ணு, நீ நல்லா இரு என்று அவளையும் குழந்தையையும் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன்.

இவரிடம் சொன்னேன். “செங்கல்பட்டு பஸ் எப்ப?”

“போயி இன்னா சொல்லுவே?”

“பேசறதுக்கு எனக்கு யாராச்சும் சொல்லிக் குடுக்கணுமா?”

“அது வாஸ்தவம்” என்றார்.

28.8.98, வெள்ளி

கறுப்பு மூடியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். இவர் துணைக்கு. சுப்புராமன் உள்ளே வரச் சொன்னார், நாற்காலி போட்டார், மரியாதை தெரிந்தவர். பெண் கதவுக்குப் பின்னால் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

“சம்பந்தி” என்று ஆரம்பித்தேன்.

“அது இன்னும் ஆகலியேம்மா.”

“சரி, அண்ணா. கொழந்த கன்னத்துல கறுப்புப் பொட்டு எதுக்கு வக்கிறோம்?”

“திருஷ்டிக்கு.”

“அழிச்சிட்டா?”

“கண்ணு படும்.”

முடிச்சை அவிழ்த்து மூடியை அவர் முன்னால் வைத்தேன். “இதாண்ணா அந்தப் பெட்டிக்கு திருஷ்டிப் பொட்டு. அழிச்சது நான். கறுப்பு ஆவாதுன்னு நெனச்சி கழட்டிட்டேன். கண்ணு பட்டுடுச்சு. பட்ட கண்ணு பசங்க மேல எறங்காம உங்க ரேடியோ மேல எறங்கிடுச்சு. பூசணிக்கா ஒடச்சா அபசகுனமா? திருஷ்டி கழிஞ்சுதுன்னுதானே சொல்லுவோம்?”

அவர் மூடியை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாலுகா ஆபீசில் எத்தனை பேரை இப்படி நிற்க வைத்திருப்பாரோ! அப்புறம் கேட்டார் ஒரு கேள்வி.

“அன்னிக்கு பொக எந்தப் பக்கம் போச்சு?”

எனக்கு வாய் அடைத்துப்போனது. எனக்கு! இவர்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“வாசப் பக்கம் போனா கழிஞ்சுது. உள்ள போனா வந்துடுச்சுன்னு அர்த்தம்” என்றார் சுப்புராமன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, “வாசப் பக்கந்தான் போச்சுப்பா. நான் பாத்தேன்.”

புகை நேராக மேலே விட்டத்துக்குப் போனது. நான் பார்த்தேன். அவளும்தான் பார்த்திருப்பாள். முருகா, அந்தப் பெண்ணுக்கு இதை மன்னித்துவிடு. வேண்டுமானால் என் கணக்கில் எழுதிக்கொள்.

சுப்புராமன் மூடியை மறுபடி ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். கடைசியில் சொன்னார்: “ரேடியோவ சரி பண்ணுங்க. வாயத் தொறந்து மொதல்ல இன்னா வார்த்த பேசுதோ, அதுதான் வாக்கு. அதப் பாத்துட்டு சொல்றேன்.”

பஸ்ஸில் இவர், “மொத வார்த்த சாவு நியூசா இருந்தா இன்னா பண்ணுவே?” என்று கேட்டார். திருக்கழுக்குன்றம் வரும் வரைக்கும் இவரோடு பேசவில்லை.

1.9.98, செவ்வாய்

திருப்போரூர். இந்தத் தடவை நட்சத்திரம் எல்லாம் கேட்க வேண்டாம் சாமி, ரேடியோ நல்ல வார்த்தையாகப் பேச வேண்டும் என்றேன். குருக்கள் இப்போது எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை.

6.9.98, ஞாயிறு

அப்பாவும் பெண்ணும் ரேடியோவோடு வந்தார்கள். சுப்புராமன் வாசலில் நின்று, “கறுப்பு கீதா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தார். இருந்தது. கேசவன் இரண்டு சுற்று அதிகமாகவே இறுக்கியிருந்தான்.

அவனும் ஸ்ரீதேவியும் மேஜை இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ரேடியோவுக்குள் கருகின ஒரு சில்லை எடுத்துவிட்டு, தாவீது கொடுத்த புதுசை வைத்தார்கள். ஒட்டியது அவள், பிடித்துக்கொண்டது அவன். கேட்காமலே, கை நீட்டினால் வேண்டிய சாமான் அங்கே இருந்தது. டார்ச் பிடிக்க நான் தேவைப்படவில்லை.

கம்பி மாட்டும்போது அவள், “சிவப்பு?” என்றாள். “பிளஸ்.” “கறுப்பு?” “மைனஸ்.” மந்திரம் சொல்கிற மாதிரி. நான் கண்ணை மூடிவிட்டேன். நியூசா, விளம்பரமா, யாராவது அழுகிற நாடகமா, முருகா, எதுவாக இருந்தாலும்...

கரகர என்றது. அப்புறம் ஒரு பெண் குரல், தெளிவாக:

“...மீனவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை.”

சுப்புராமன் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த வார்த்தையைத் தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “எச்சரிக்கை எதுவும் இல்ல.” பிறகு என்னைப் பார்த்து, “கேசரி கீதா சம்பந்தி?” என்றார்.

சம்பந்தி என்றார்! அவர் வாயால்!

கேசரி செய்திருக்கவில்லை. பயத்தில் மறந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் கிளறினேன். சர்க்கரை கூடிப்போச்சு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

9.9.98

தாம்பூலம் மாற்றத் தேதி குறித்தாயிற்று. தை மாசம் கல்யாணம். மாதாவுக்கு மெழுகுவர்த்தி வாங்கித் தாவீதிடம் கொடுத்தேன். அவர் மாதாவிடம் சொல்லி வைத்த வார்த்தைக்கு இது என் பங்கு.

31.1.1999

கல்யாண வேலையில் இதைத் தொடவே நேரமில்லை. எல்லாம் நன்றாக முடிந்தது. கை வலி, கால் வலி, தொண்டை வலி. தொண்டை வலி பேசினதால் என்கிறார் இவர்.

27.7.99, செவ்வாய்

ஆடிக்கு ஸ்ரீதேவி பிறந்த வீட்டு முறைக்குச் செங்கல்பட்டு போய்ப் பத்து நாளாகிறது. முறை முறைதான், அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆடி முடியும் வரைக்கும் புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம். சுப்புராமன் அழைத்துப்போக வந்தபோது அவள் கிளம்பினது ஒரு பெட்டித் துணியோடும் ஒரு பச்சைப் பெட்டியோடும். “அங்க போயி பொழுது போவணும்ல அத்த.” சரி, எடுத்துப் போகட்டும்.

கூடத்து மேஜை இப்போது காலி. வருகிறவர்கள் உட்கார இடம் இருக்கிறது. துடைத்துப் பூ ஜாடி வைத்தேன், நன்றாக இல்லை, எடுத்துவிட்டேன்.

கேசவன் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகச் செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமையும் போனான். இன்று காலையில் கிளம்பும்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கும் எங்கடா?”

“பெட்டியில முள்ளு லேசா ஆடுதாம் அத்த. பாத்துட்டு வந்துடறேன்.”

“ஆடி மாசத்துல போகக் கூடாதுன்னு தெரியும்ல?”

“நான் பெட்டியத்தான் அத்த பாக்கப் போறேன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஆடி மாசத்தில் பவர் சப்ளையைப் பார்க்கக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை.

ராத்திரிக்கு இரண்டு பேருக்குத்தான் அரிசி களைந்தேன்.